சின்னம்மா தீத்திவிடுவா

கிட்ட வாருங்கள், பிள்ளைகளே. அந்தக் கதிரைகளை இழுத்துக்கொண்டு வந்து இப்படி இருங்கள். குளிர்ந்தால் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு சொல்லின் கதை சொல்லப்போகிறேன். ஒரே ஒரு சொல்லால் ஒரு பிள்ளை வீட்டைவிட்டே போக இருந்த கதை. நெஞ்சு பதறினால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழம்ப வேண்டாம். சாப்பாட்டைப் பிசைந்து, கையாலே பிள்ளையின் வாயில் வைப்போமே, அதை யாழ்ப்பாணத்தில் 'தீத்துறது' என்போம். இந்தியாவில் ஊட்டுவது என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஐந்து வயது யதுசாவுக்கு எங்கள் சொல் மட்டும்தான் தெரியும்.

யதுசாவின் தகப்பன் தபோதரன் மியூனிக் நகரத்துக்கு வெளியே பஸ் ஓட்டுகிறவன். ஊரில் கல்யாணம் செய்து, மனைவிக்கு விசா வரட்டும் என்று காத்திருந்த காலத்திலேயே அவள் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை தாயின் தமக்கை வீட்டில் வளர்ந்தது. பிறகு தபோதரன் குமுதினியைக் கட்டினான். போன மாரிகாலத்தில் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொண்டான்.

குமுதினி இங்கே ஜெர்மனியிலேயே வளர்ந்தவள். லைப்சிக்கில், அகதிகள் விடுதி ஒன்றில். தாயும் தகப்பனும் பின்னேரங்களில் கந்தோர்களை, அலுவலகங்களைத்தான், கூட்டித் துடைக்கப் போய்விடுவார்கள். அவளே குளிர்பெட்டியைத் திறந்து, கறுப்புப் பாணில், ரொட்டியில்தான், வெண்ணெய் பூசி, இரண்டு சீஸ் துண்டு வைத்து, சன்னலோரம் இருந்து சாப்பிடுவாள். அவளுடைய நாக்கு அப்படித்தான் பழகியது. இன்றைக்கும் இருட்டினால் அவளுக்குப் பாண் வேண்டும். பல் வைத்தியரிடம் உதவியாளாக நாள் முழுவதும் நின்றுவிட்டு வந்து, அந்தப் பாணைக் கடித்தால்தான் வீட்டுக்கு வந்தது போல இருக்கும். தபோதரன் பார்த்துப் பார்த்துச் சிரிப்பான்.

"இதென்னப்பா, ஆஸ்பத்திரிச் சாப்பாடே?"

"உங்கட புட்டு மட்டும் என்ன? மண் விளையாடின மாதிரி," என்பாள் அவள்.

சண்டையில்லை. அவனுக்குப் புட்டு, அவளுக்குப் பாண், ஒரே மேசை.

யதுசா வந்த அன்று அந்த மேசையில் மூன்றாவது கதிரை போட்டார்கள். குமுதினி ஆசை ஆசையாகப் பாணை முக்கோணமாக வெட்டிக் கொடுத்தாள். பிள்ளை மணந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டது. புட்டைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக் கொடுத்தாள். பிள்ளை தொடவில்லை, வாயை மட்டும் ஆவென்று திறந்துகொண்டு இருந்தது.

"ஏன் வாயைத் திறக்கிறாள்? தொண்டை நோவோ?" குமுதினிக்கு விளங்கவில்லை.

"தீத்தச் சொல்லுறாள்."

"ஐஞ்சு வயசிலயோ?"

"எங்கட ஊரில பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கும் தீத்துவினம். நீர் சும்மா வாய்க்குள்ள வையும்."

குமுதினிக்குக் கையாலே பிசைந்து சாப்பிட்டுப் பழக்கமில்லை. தேங்காய்ப்பால் சொதி விரலிடுக்கால் வழிந்தது. உருண்டை பெரிதாகப் போய்விட்டது. பிள்ளை அதை மேலும் கீழும் பார்த்தது.

"சின்னம்மா, இது மாட்டுக்கோ?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து குமுதினி உருண்டை பிடிக்கப் பழகினாள். புட்டில் சொதி விட்டு, நெத்தலிப் பொரியலை நொறுக்கிப் போட்டு, பிள்ளையின் வாய் அளவுக்கு. "வா, தீத்திவிடுறன்" என்று கூப்பிட்டால் யதுசா எங்கிருந்தாலும் ஓடி வருவாள்.

கிண்டர்கார்டனில் யார் தீத்துவார்கள்? மத்தியானம் வெள்ளைச் சோசோடு பாஸ்தா வரும். யதுசா கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள். ஆசிரியைகள் கெஞ்சிப் பார்த்தார்கள், விளையாட்டுக் காட்டிப் பார்த்தார்கள். பிள்ளை மெலிந்து வருகிறது, பாஷையும் தெரியாது. ஒரு ஆசிரியைக்குத் தெரிந்த தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். சிந்துஜா என்று பெயர், மதுரைப் பக்கத்துப் பிள்ளை, பக்கத்துக் கார்ஹிங் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வந்தவள். நல்ல மனம் உள்ளவள். கேட்டவுடனே வந்து யதுசாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.

"ஏன்டா கண்ணா சாப்பிடலை? வீட்ல சாப்பிடலைன்னா என்ன பண்ணுவாங்க?"

அந்தத் தமிழ் யதுசாவுக்குப் புதிது. இருந்தாலும் தமிழ் என்றதில் முகம் மலர்ந்தது.

"சாப்பிடாட்டி சின்னம்மா தீத்திவிடுவா."

சிந்துஜாவின் சிரிப்பு நின்றுபோனது. பிள்ளைகளே, அவளுடைய ஊரில் ஒருவரைத் தீர்த்துவிடுவது என்றால் உயிரை எடுப்பது. அவளுடைய காதில் அதுதான் விழுந்தது.

"யாரைம்மா?"

"என்னை."

"அப்படின்னு சொல்லுவாங்களா?"

"ஓம். 'வா, தீத்திவிடுறன்' எண்டு சொல்லுவா."

"உனக்குப் பயமா இருக்கா?"

யதுசா வெள்ளைச் சோசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இல்லாத பிள்ளை, சின்னம்மா, மெலிந்த மணிக்கட்டு. சிந்துஜாவுக்கு வேறு என்ன தோன்றும்? கேட்டதை அப்படியே ஆசிரியைக்கு மொழிபெயர்த்தாள். இப்படி ஒன்றைக் கேட்டபின் மூடி வைக்க ஆசிரியைக்கும் சட்டம் இடம் கொடுக்காது. பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் யூகண்ட்அம்ட்டுக்கு உடனே அறிவித்தாள்.

அன்றைக்கே மத்தியானம் குமுதினியின் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல், மரியாதையான ஜெர்மன்.

"இன்று மாலை நீங்கள் சாப்பிடும் நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறோம். உங்கள் மகள் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறாள்."

"என்ன சொன்னாள்?"

"அதை இப்போது சொல்ல முடியாது. நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்போம். பிள்ளைக்கு ஒரு பையில் மாற்றுடுப்பு எடுத்து வையுங்கள். தேவைப்படாமலும் போகலாம்."

குமுதினி வைத்தியரிடம் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். யதுசாவைக் கூட்டிவரப் போனபோது, எப்போதும் நின்று கதைபேசுகிற ஆசிரியை அன்று சப்பாத்து ராக்கையை அடுக்கிக்கொண்டே நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தபோதரன் பஸ்ஸை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, சீருடையோடே வந்து சேர்ந்தான். புட்டுப் பானையில் ஆவி வந்துகொண்டிருந்தது. அவன் நேரே போய் அடுப்பை அணைத்தான்.

"இதுதான். இதுதான் பிரச்சினை. தீத்துறதை ஆரோ பாத்திருக்கினம். பிள்ளை சொல்லியிருப்பாள்."

"தீத்துறது குற்றமோ?"

"உமக்குத் தெரியாது. என்னோட பஸ் ஓடுற ஒருத்தன் சொன்னவன், வாய்க்குள்ள திணிக்கிறதெண்டு எழுதிப்போட்டு, ஒரு வீட்டில பிள்ளையைக் கொண்டு போனவங்களாம். கையால தீத்துறது எண்டு மட்டும் வாய் திறவாதையும். தானே சாப்பிடுறவள் எண்டு சொல்லும்."

"நான் இஞ்ச வளந்தனான். பொய் சொன்னால் இவையளுக்குப் பிடிக்காது."

"பிள்ளையைக் கொண்டு போனால் உமக்குப் பிடிக்குமோ?"

அவன் புட்டைப் பானையோடு மூடி அடுப்பின் பின்பக்கம் தள்ளினான். மேசையில் பாண், வெண்ணெய், சீஸ், வெட்டிய வெள்ளரிக்காய். கோப்பைக்குப் பக்கத்தில் கத்தி, முள்ளுக்கரண்டி. யதுசாவை மடியில் வைத்துப் படிப்பித்தான்.

"குஞ்சு, இண்டைக்கு மட்டும் நீங்களே சாப்பிட வேணும். சின்னம்மா தீத்தமாட்டா. சரியோ?"

"ஏன்?"

"ஆக்கள் வருகினம்."

"ஆக்கள் வந்தால் பசிக்காதோ?" என்றாள் யதுசா.

குமுதினி அறைக்குள் போய்ப் பையில் உடுப்பை வைத்தாள். இரண்டு காற்சட்டை, சட்டை, யானை போட்ட படுக்கை உடுப்பு. அந்தப் படுக்கை உடுப்பை வைத்தாள், எடுத்தாள், பிறகும் வைத்தாள்.

மணி அடித்தது. யூகண்ட்அம்ட்டிலிருந்து வந்த திருமதி ஹார்ட்விக் நரைத்த தலைமுடியும் சோர்ந்த கண்களுமாக இருந்தார். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பின்னால் சிந்துஜா, பிள்ளைக்கு மொழிபெயர்க்க. அவள் குமுதினியின் முகத்தை நேரே பார்க்கவில்லை.

"நீங்கள் வழக்கம்போலச் சாப்பிடுங்கள்," என்றார் ஹார்ட்விக்.

வழக்கம்போல! தபோதரன் வாழ்நாளில் முதல்தரமாகக் கத்தியால் பாணை வெட்டி, முள்ளுக்கரண்டியால் குத்தி வாயில் வைத்தான். நாளும் பாண் சாப்பிடுகிற குமுதினியே அப்படிச் சாப்பிட்டதில்லை. அவள் வலது கையை மேசைக்குக் கீழே வைத்து, இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை தானாக எழும்பிப் பிள்ளையிடம் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். யதுசாவின் கோப்பையில் பாண் வைத்தபடியே கிடந்தது.

"அவள் சாப்பிடாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" ஹார்ட்விக் குமுதினியிடம் கேட்டார்.

பாருங்கள், பிள்ளைகளே, அந்த இடத்தில் அவள் ஜெர்மனில் உண்மையைச் சொல்லியிருந்தால், கையாலே ஊட்டுவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். தபோதரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்றும் செய்வதில்லை. அவளே சாப்பிடுவாள்."

"எப்போதுமா?"

"எப்போதும்."

ஹார்ட்விக் பிள்ளையைப் பார்த்தார். பிறகு சிந்துஜாவைப் பார்த்தார். சிந்துஜா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கண்ணா, நீயே தனியாத்தான் சாப்பிடுவியாமே? சின்னம்மா அப்படிச் சொல்றாங்க."

"இல்லையே. சின்னம்மாதான் தீத்திவிடுறவ," என்றாள் யதுசா. "இண்டைக்கு மட்டும் மாட்டாவாம். ஆக்கள் வந்தபடியால்."

தீர்த்துவிடுவேன் என்று மிரட்டுவதைத்தான் பிள்ளை சொல்கிறது என்று சிந்துஜா நினைத்தாள். கிண்டர்கார்டனில் கேட்ட அந்த வார்த்தையைப் பிள்ளைக்கு முன்னால் இன்னொரு முறை சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஜெர்மனில் மெல்லச் சொன்னாள்:

"அங்கே சொன்ன அதையேதான் சொல்கிறாள். இன்றைக்கு மட்டும் செய்யமாட்டாராம், நாங்கள் வந்ததால்."

குமுதினிக்கு அந்த ஜெர்மன் ஒவ்வொரு சொல்லாக விளங்கியது. 'அதையேதான்.' அப்படியென்றால் தபோதரன் சொன்னது சரி, தீத்தியதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். அதோடு தான் பொய் சொன்னதும் பிடிபட்டுவிட்டது.

ஹார்ட்விக் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார். கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இன்று இரவு பிள்ளை வேறொரு இடத்தில் தங்குவது நல்லது என்று நினைக்கிறேன். நாளைக்கு ஆறுதலாகப் பேசலாம். பையை எடுத்து வைத்தீர்களா?"

தபோதரன் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்தான். "ப்ளீஸ்," என்றான், பிறகு ஜெர்மன் அவனுக்கு வரவில்லை. "சொல்லுமன், குமுதினி. என்னவெண்டாலும் சொல்லும்."

ஹார்ட்விக் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வீட்டு நடைவழிப் பக்கம் திரும்பினார்.

"சின்னம்மா," என்றாள் யதுசா, "எனக்குப் பசிக்குது."

குமுதினி எழும்பினாள். எல்லாரும் பையை எடுக்கப் போகிறாள் என்றே நினைத்தார்கள். அவள் குசினிக் குழாயில் கை கழுவினாள். பின்னுக்குக் கிடந்த பானையை இழுத்துத் திறந்தாள்.

"குமுதினி, வேண்டாம்!" என்றான் தபோதரன்.

"விடுங்கோ. கொண்டுதான் போகப்போகினம். போற பிள்ளை பசியோட போகக்கூடாது."

புட்டைக் கோப்பையில் போட்டாள். ஆறிப்போன சொதியை விட்டாள். நெத்தலிப் பொரியலை நொறுக்கினாள். பாண் கோப்பையை ஒதுக்கிவிட்டு, பிள்ளைக்கு முன்னால் நிலத்தில் முழங்காலில் இருந்து உருட்டினாள். முதல் உருண்டை உடைந்து கொட்டுண்டது. இரண்டாவதும் உடைந்தது.

"ஆக் காட்டு."

யதுசா வாயைத் திறந்தாள். உருண்டை உள்ளே போனது. கன்னம் உப்ப மென்றுகொண்டே, சின்னம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன்பக்கம் இழுத்தாள், அடுத்ததற்கு.

சிந்துஜா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா… இப்ப நீங்க பண்றது… இது என்னக்கா?"

குமுதினி திரும்பினாள். கண்ணில் தண்ணீர், குரலில் நெருப்பு.

"ஏன், கண் தெரியேல்லையோ? தீத்துறன்! நல்லாப் பாத்துச் சொல்லிக் குடுங்கோ. சின்னம்மா பிள்ளைக்குத் தீத்தினவ எண்டு எழுதச் சொல்லுங்கோ. பெரிய குற்றம்தானே!"

"ஊட்டுறீங்க," என்றாள் சிந்துஜா.

"ஓம், உங்கட ஊரில அப்பிடித்தான் சொல்லுவியளாக்கும்."

"ஐயோ அக்கா." அவள் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். "ஐயோ, தீத்துறதுன்னா ஊட்டுறதா? நான் வேற… எங்க ஊர்ல அப்படிச் சொன்னா கொன்னுடுவாங்கன்னு அர்த்தம்க்கா!"

"ஆர் ஆரைக் கொல்லுறது?" என்றாள் யதுசா, வாய் நிறைய.

"ஒருத்தரும் இல்லை. நீ விழுங்கு," என்றாள் குமுதினி.

சிந்துஜா எழும்பி ஹார்ட்விக்கிடம் ஓடினாள். அழுதுகொண்டே, ஜெர்மனும் ஆங்கிலமுமாகக் கொட்டினாள். ஹார்ட்விக் முதலில் தொலைபேசியில் "பிறகு கூப்பிடுகிறேன்" என்றார். பிறகு சிந்துஜா சொன்னதை முழுதும் கேட்டார். திரும்பவும் வந்து அதே கதிரையில் இருந்து, ஒரு கோப்பைப் புட்டு முடியும்வரை பிள்ளையையும் அந்தக் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். பையைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை.

"ஏன் எனக்குப் பொய் சொன்னீர்கள்?" என்று கடைசியில் குமுதினியிடம் கேட்டார்.

"இதைப் பார்த்தால் கொண்டுபோவீர்கள் என்று நினைத்தேன்."

"ஆனாலும் எனக்கு முன்னாலேயே செய்தீர்களே."

"அவளுக்குப் பசித்தது," என்றாள் குமுதினி.

ஹார்ட்விக் தலையை ஆட்டினார். சிரிக்கவில்லை. பொய் சொன்னதால் தான் இன்னொரு முறை வரவேண்டும் என்றார். கிண்டர்கார்டனில் மத்தியானம் முழுவதும் பட்டினி கிடக்க விடமுடியாது, பிள்ளை தானாகவும் சாப்பிடப் பழகவேண்டும் என்றார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்று இரவு பிள்ளை தன் கட்டிலில்தான் படுக்கும் என்றும் சொன்னார். அதைக் கேட்டபிறகுதான் தபோதரன் மேசை விளிம்பை விட்டான். விட்டதும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

வாசலில் ஹார்ட்விக் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்க, சிந்துஜா தயங்கி நின்றாள்.

"அக்கா, ரொம்ப சாரி. உங்க முகத்தைப் பார்க்கவே முடியலை."

"ஒருக்கா, 'தீத்துறதெண்டால் என்ன' எண்டு கேட்டிருக்கலாம்தானே, தங்கச்சி. அவள் செய்து காட்டியிருப்பாள்."

"ஆமாக்கா. தமிழ்தானேன்னு நினைச்சிட்டேன்."

குமுதினிக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்காது, பிள்ளைகளே, பெற்றவளுக்கும் வளர்த்தவளுக்கும் அது உடனே அடங்குகிற கோபமில்லை. அந்த நேரம் யதுசா உள்ளேயிருந்து கத்தினாள்.

"சின்னம்மா, அந்த அக்காவுக்கும் தீத்திவிடுங்கோ. பாவம், அழுறா."

"அவ பெரியாள். அவவுக்குக் கை இருக்கு," என்றாள் குமுதினி. ஆனாலும் உள்ளே போய் ஒரு கோப்பை எடுத்துப் புட்டுப் போட்டு, சொதி விட்டு, கொண்டுவந்து நீட்டினாள். "சாப்பிட்டிட்டுப் போங்கோ. வெறும் வயித்தோட ஒருத்தரும் இந்த வீட்டால போறேல்லை."

சிந்துஜா வாசலில் நின்றபடியே கையால் அள்ளிச் சாப்பிட்டாள். மிளகாய் உறைப்பிலும் அழுகையிலும் மூக்கு ஒழுகியது. ஹார்ட்விக் தன் கைப்பையிலிருந்து கடதாசிக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். வசந்தகாலத்தில் ஹார்ட்விக் சொன்னபடி இன்னொரு முறை வந்தார். அதற்கிடையில் யதுசா கிண்டர்கார்டனில் அவித்த உருளைக்கிழங்கை முள்ளுக்கரண்டியால் குத்திச் சாப்பிடப் பழகியிருந்தாள். வெள்ளைச் சோசைத் தொடுவதே இல்லை, இன்றைக்கும் இல்லை. வீட்டில் முதல் பாதியைத் தன் கையால் சாப்பிடுவாள், மற்றப் பாதிக்கு வாயைத் திறப்பாள். ஹார்ட்விக் பார்த்துவிட்டு, இனித் தான் வரத் தேவையில்லை என்று சொல்லிப் போனார். சின்னம்மாவை அவள் அம்மா என்று கூப்பிட்டாளா என்றால், இல்லை. சின்னம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். குமுதினிக்கு அதுவே போதுமாம். அந்த வீட்டுக் கதவில் இப்போது மூன்று பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது.

இனி எழும்பிப் போய்ச் சாப்பிடுங்கள், கண்மணிகளே. உங்கள் வீட்டு மேசையில் ஒரு கதிரையும் வெறுமையாகாமல் இருக்கட்டும். பசிக்கிறது என்று பிள்ளை சொல்லுகிற நேரம் கேட்பதற்கு வீட்டில் ஆள் இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு யார் வந்தாலும் நல்ல செய்தியோடு வரட்டும், வயிறு நிறையப் போகட்டும். நல்லாயிருங்கள்.